இரண்டு இழுப்பு

எங்கள் தெருவில் ஒவ்வொரு பால்கனிக்கும் ஒரு கயிறு.
கீழ்நுனியில் கிளிப், மேல்நுனியில் மணி.
பேப்பர்காரன் இழுப்பான், மணி அடிக்கும்,
செய்தியையும் கறிவேப்பிலையையும்
ஒரே கிளிப்பில் தூக்கிக்கொள்வோம்.
மாசியிலிருந்து எங்கள் கயிற்றோடு
இன்னொன்றும் தொங்குகிறது,
கறுப்பாய், கட்டைவிரல் தடிமனில்.

பெட்ரோலுக்கு இனி வரிசையில் நிற்க வேண்டாம்
என்றுதான் பரஞ்சோதி சீனக் காரை வாங்கினார்.
உண்மை, நிற்பதில்லை.
கரண்டுக்காக முழித்துக்கொண்டு படுத்திருக்கிறோம்.

சார்ஜரோடு ஒரு புத்தகம் வந்தது.
அதிலுள்ள படத்தில் ஒரு வீடு,
வீட்டுக்கு ஒரு சுவர், சுவரை ஒட்டி ஒரு கார்.
எங்களுக்குச் சுவர் தாமுவேயில் மூன்றாம் மாடியில்.
கார், சாக்கடை ஓரம்.

மாட்ட வந்த கோ சின்மின்
மீட்டர் பெட்டியைத் திறந்து பார்த்து
வெற்றிலையை மறு கன்னத்துக்கு மாற்றினார்.
"எர்த் எங்கே?"
கட்டடத்துக்கு எழுபது வயது.
எர்த் என்று யாரும் அதனிடம் கேட்டதில்லை.
ஆறடிச் செப்புக் கம்பியை
டோ டின் ஏயின் மொஹிங்கா அடுப்புக்குப் பின்னால்
சம்மட்டியால் இறக்கினார்.
"என் மீன்குழம்பில் ஷாக் அடித்தால்?" என்றாள் அவள்.
விடிகாலைச் சந்தைக்குத் தினம் காரில் கூட்டிப்போவதாய்
ஒப்புக்கொண்ட பிறகே கரண்டியைக் கீழே வைத்தாள்.

மின்சார ஆபீசுக்கு மூன்று நடை.
மூன்றாவது நடையில் கையில் கவர் இருந்தது.
அன்றைக்குக் கையெழுத்தும் இருந்தது.

அட்டவணைப்படி ராத்திரி ஒரு மணிக்கு வர வேண்டும்.
வருவது அதன் இஷ்டம்.
வந்ததும் தெருவே கத்தும், "மீ லாபீ!"
கனவிலிருந்து எழும் குழந்தைகூடக் கத்தும்.
அதே நொடியில் பதினாறு வீட்டு மோட்டார்
தண்ணீரை மேலே இழுக்கத் தொடங்கும்.
இருநூற்று முப்பது கேட்கிற பெட்டிக்கு
நூற்றைம்பது வோல்ட் கொடுத்தால்
கண் சிவக்காமல் என்ன செய்யும்?

அவர் கீழே, நான் மேலே, நடுவில் மணி.
ஓர் இழுப்பு என்றால் போடு.
இரண்டு என்றால் நிறுத்து.
மூன்று என்றால் புகைகிறது.
மூன்று ஒரே தடவைதான் அடித்தது, சித்திரையில்.
பிளக் பாகாய் உருகி
சுவரில் கெளுத்தி மீன் போல ஒரு கறை.
இன்னும் மீசையோடு இருக்கிறது.

இரண்டாம் மாடித் தவமணி அக்கா
வயர் தன் ஜன்னலை உரசுவதைக்கூடப் பொறுத்தாள்.
"உன் கார் குடிக்கிறப்ப
என் குழாய் விக்குதுடி" என்றாள் ஒருநாள்.
பேசி முடித்தோம்:
முதல் நாற்பது நிமிடம் தண்ணீருக்கு,
பிறகு காருக்கு.
கரண்டு அந்தப் பேச்சில் கலந்துகொள்ளவில்லை.

நேற்று மழை. இரண்டே காலுக்குத்தான் வந்தது.
மோட்டார்கள் ஒவ்வொன்றாய் அடங்கி
ஓர் இழுப்பு வந்தது. போட்டேன்.
கீழே குட்டையில் பச்சை வெளிச்சம்,
சிவக்காமல், நடுங்காமல்.
அவர் சீட்டைச் சாய்த்துத் தூங்கிப்போனதை
வைப்பரின் தாளத்திலேயே தெரிந்துகொண்டேன்.
நிறுத்த மறந்திருக்கிறார்.

மணி அடித்தது. இரண்டு.

எட்டிப் பார்த்தேன்.
இரண்டாம் மாடி ஜன்னலிலிருந்து ஒரு கை
எங்கள் கயிற்றைப் பிடித்திருந்தது.
வளையலும், மழையும்,
பக்கத்தில் காலி வாளியின் விளிம்பும் தெரிந்தன.
எங்கள் பாஷையை எப்போது படித்தாள்?
எத்தனை ராத்திரி அந்த இருட்டில் நின்று
எண்ணியிருப்பாள்?

சுவிட்சை அணைத்தேன்.
கொஞ்ச நேரம் கழித்து
வாளியில் தண்ணீர் விழும் சத்தம்,
முதலில் தகரத்தில், பிறகு தண்ணீரில்.
வாளி நிறையும் முன்பே ஊருக்கே இருட்டு.

"முப்பத்தொண்ணுதானா?" என்றார் காலையில்,
கண்ணைத் தேய்த்துக்கொண்டு.
"மழை" என்றேன் மேலேயிருந்து.
டோ டின் ஏ அதற்குள்
கூடையோடு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தாள்.